கோவை – டெல்லி விமானம்: எந்தப் பயண நேரத்தை நம்புவது?

கோத்தகிரிக்காரர்:
வணக்கம். ஜனவரி இரண்டாம் வாரத்தில் மகளின் நேர்முகத் தேர்வுக்காக நாங்கள் இருவரும் டெல்லி செல்கிறோம். கோவையிலிருந்து வான்வழித் தூரம் ஏறக்குறைய 1,945 கிலோமீட்டர் என்றும், பறக்கும் நேரம் இரண்டே கால் மணி என்றும் ஓர் இணையதளம் காட்டுகிறது. பயணச்சீட்டிலோ மூன்று மணி நேரம் என்று உள்ளது. எதை நம்புவது? பிற்பகல் இரண்டு மணி விமானத்துக்கு வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?

குன்னூர் ஆசிரியர்:
தூரம் சரிதான். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கே 77 பாகையில் இருப்பதால் தாளிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். கோவையின் அட்சரேகை 11, டெல்லியின் அட்சரேகை 28.5, இடைவெளியான பதினேழரைப் பாகையை, பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 1,940ஐ ஒட்டி வரும். அதை மணிக்கு 850 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து அந்தத் தளம் விடை சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வேகம் உயரத்துக்குச் சென்ற பின்புதான் கிடைக்கும். வரைபடத்தில் அளவுகோலை வைத்தால் கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே 16 கிலோமீட்டர்தான், சாலையிலோ 33 என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வானில் அத்தனை வளைவுகள் இல்லையென்றாலும், விமானமும் வகுத்த வழித்தடத்தில்தான் செல்ல வேண்டும், இறங்குவதற்கு முறைக்காகக் காத்திருக்கவும் வேண்டும். மேலும், சீட்டில் உள்ள நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வது முதல் டெல்லியில் நிறுத்தப்படும் வரையிலானது. அங்கே ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம் வருவதற்கே கால் மணி நேரம் ஆகிவிடுவதுண்டு. சீட்டையே நம்புங்கள்.

வாடகை வண்டி ஓட்டுநர்:
ஐயா, வானத்தைவிட நம் மலைச்சாலைதான் கணிக்க முடியாதது. மேட்டுப்பாளையம் இறங்க ஒன்றே கால் மணி, அங்கிருந்து காரமடை, துடியலூர், சரவணம்பட்டி வழியாகப் பீளமேடு விமான நிலையத்துக்கு இன்னொரு ஒன்றே கால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். பொங்கல் நெரிசலும் சேரும் வாரம் என்பதால் காலை ஒன்பது மணியைத் தாண்ட வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வளைவுகளில் இறங்குவதும் நல்லதல்ல.

ஊட்டிவாசி:
பெங்களூரு வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கோத்தகிரியிலிருந்து அது வீண் அலைச்சல். பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடப்பட்டிருக்கும், விமான நிலையமோ நகரைத் தாண்டித் தேவனஹள்ளியில் இருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது டெல்லியின் மூடுபனி. ஜனவரியில் அது நள்ளிரவு முதல் முற்பகல் வரை கடுமையாக இருக்கும். மாலை ஐந்து மணிக்கு இறங்குவதில் பெரிய சிக்கல் இல்லை, ஆனால் திரும்பும் விமானம் எப்போது?

கோத்தகிரிக்காரர்:
அனைவருக்கும் நன்றி. திரும்பும் விமானம் காலை ஆறரை மணிக்கு இருந்தது. பிற்பகல் ஒரு மணிக்கு மாற்றிவிட்டேன். இருட்டிய பிறகு மலையேற வேண்டியிருக்கும், அதற்கும் அந்த ஓட்டுநர் ஐயாவின் வண்டியையே கேட்கலாம் என்றிருக்கிறேன்.