கொல்லிமலை 70 வளைவு: ஞாயித்துக்கிழமை வெளியூர் பைக்குக்கு அளவு வைக்கலாமா?

செம்மேட்டான்:
நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசம் ஐகோர்ட் உத்தரவுல இ-பாஸ் வந்துச்சு. 2025 ஏப்ரல்ல சீசனுக்கு வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டினாங்க. நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000. அதே மாதிரி ஞாயித்துக்கிழமை மட்டுமாவது வெளியூர் பைக்குக்குக் கொல்லிமலை அடிவாரத்துல இருக்கற காரவள்ளி செக்போஸ்ட்ல ஒரு அளவு வைக்கச் சொல்லி மனு எழுதிட்டிருக்கேன்.

காரணம் என் சித்தப்பா. போன மாசம் எக்ஸ்எல்லுல ரெண்டு வாழைத்தார் கட்டிக்கிட்டு இறங்கிட்டிருந்தாரு. கீழ இருந்து ஏறி வந்த பைக் ஒண்ணு வளைவுல கோட்டைத் தாண்டி அவர் பக்கமே வந்துடுச்சு. இவரு ஓடைப் பக்கமா ஒடிச்சு விழுந்தாரு. முட்டியில தோல் வழண்டு போச்சு, ஒரு தார் அறுந்து ரோடு பூராவும் காய். வந்தவன் நிக்கவே இல்ல. பின்னாடி வந்த அவன் கூட்டாளி ஹெல்மெட்ல கேமரா மாட்டியிருந்தான், அவனும் நிக்கல. சித்தப்பா தனியா உக்காந்து காயைப் பொறுக்கியிருக்காரு.

ராசிபுரம் ரைடர்:
உங்க சித்தப்பாவுக்கு நடந்தது தப்புங்க. அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா அந்த ஒருத்தனுக்காக எல்லாரையும் கேட்ல நிறுத்தறது எந்த நியாயம்?

பன்னெண்டு வருஷமா 150 சிசி வண்டியில ஏறறேன். விடியக்காலம் அஞ்சரைக்குக் காரவள்ளியில டீ குடிச்சுட்டு ஏற ஆரம்பிச்சா, பாதி வளைவு தாண்டினதும் காத்து மாறும். கையுறைக்குள்ள விரல் சில்லுனு ஆகும். கீழ நாமக்கல் பக்கம் பூராவும் பனி மூடி, மேல மட்டும் வெயில் படும். வாரம் பூரா மில்லுல தறிச் சத்தத்துல நிக்கறவன் நான். எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் எவ்வளவு பெருசுன்னு வார்த்தையில சொல்லத் தெரியல.

கோட்டைத் தாண்டறதுக்குக் காரணம் கூட்டம் இல்லீங்க, ஓட்டத் தெரியாதது. வேகமா வளைவுக்குள்ள நுழைஞ்சுடறான், உள்ள போயி பிரேக் புடிக்கறான், வண்டி நிமிர்ந்து எதிர்ப்பக்கம் போயிடுது. வேகத்தை வெளியிலயே குறைச்சு, ரெண்டாவது கியர்ல விட்டு, வளைவு முடியற இடத்தைப் பார்த்துத் திருப்பினா தாண்டவே தாண்டாது. கண்ணு பள்ளத்தைப் பார்த்தா வண்டியும் பள்ளத்துக்குத்தான் போகும். நூறு பேர் வந்தாலும் தெரியாதவன் தெரியாதவன்தான். எண்ணிக்கையைக் குறைச்சா அவன் கத்துக்குவானா?

அடிவார மெக்கானிக்:
ரெண்டு பேரும் பைக்கைப் பத்தியே பேசறீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல என் கடைக்கு வர்றதுல பெரிய பைக் கம்மி. கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் ஜாஸ்தி. புருஷன், பொண்டாட்டி, நடுவுல குழந்தை, காலுக்கிட்ட பலாப்பழம். "அண்ணே, பிரேக் புடிக்கலண்ணே"ன்னு வருவாங்க. லீவரைப் புடிச்சா கைப்பிடியில வந்து முட்டும். டிரம்முக்கிட்ட கையைக் கொண்டு போக முடியாது, கருகின வாசம் அடிக்கும்.

கியர் வண்டியை ரெண்டாவதுல விட்டா இன்ஜினே இழுத்துப் புடிச்சுக்கும். ஸ்கூட்டர்ல ஆக்ஸிலேட்டரை மூடி வேகம் குறைஞ்சதும் கிளட்ச் தானா விட்டுடும், அப்புறம் சும்மா உருள்ற வண்டிதான். 70 வளைவையும் பிரேக் ஒண்ணை நம்பித்தான் இறங்கணும். அதனால விடாம புடிச்சுக்கிட்டே இறங்காதீங்க. வளைவுக்கு முன்னாடி அழுத்திப் புடிங்க, விட்டுடுங்க. பத்துப் பன்னெண்டு வளைவுக்கு ஒருக்கா ஓரமா நிறுத்தி ஆற விடுங்க. சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க.

இன்னொண்ணு. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல இறங்கற பழக்கத்தை விடுங்க. இப்ப வர்ற எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம பெட்ரோலை அளந்து பீச்சற) பைக்ல கியர்ல போட்டு ஆக்ஸிலேட்டரை மூடினா இன்ஜினுக்குப் பெட்ரோல் போறதே நின்னுடும். நியூட்ரல்லதான் ஐடிலிங்குக்குச் செலவாகும். உயிரும் போய் பெட்ரோலும் போகுது.

ராசிபுரம் ரைடர்:
இதைத்தான் நானும் சொல்றேன் அண்ணே. செக்போஸ்ட்ல எண்ணிக்கை பார்க்கறவங்க பிரேக்கைப் பார்ப்பாங்களா? இந்த அஞ்சு வரியைப் போர்டு எழுதி வெச்சாலே பாதி பேர் பொழைப்பாங்க.

செம்மேட்டான்:
சரி, ஸ்கூட்டர் ஆபத்துன்னு ஒத்துக்கறேன், மனுவுல அதையும் சேர்க்கறேன். ஆனா ஸ்கூட்டர்ல வர்ற குடும்பம் தன்னைத்தான் கெடுத்துக்குது. சைலன்ஸரை மாத்திக்கிட்டு வர்றவன் எங்களைக் கெடுக்கறான். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு எங்க வீட்டுக்குப் பின்னாடி ஏத்தத்துல பத்து வண்டி ஒண்ணாப் போனா எங்கம்மா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கறாங்க. அவங்களுக்கு 74 வயசு.

பஸ்ஸைச் சொல்லவே இல்ல. கொண்டை ஊசியில பஸ் திரும்பணும்னா ரோட்டோட முழு அகலமும் வேணும். டிரைவர் ஹாரன் அடிச்சு வெளிய வாங்கித் திருப்பும்போது உள்பக்கம் சந்துல ரெண்டு பைக் நுழையும். பஸ் அப்படியே நின்னு, பின்னால எடுத்து, மறுபடி திருப்பணும். ஆஸ்பத்திரிக்குப் போறவங்களும் அந்த பஸ்லதான் உக்காந்திருக்காங்க. உங்களுக்கு அது ஒன்றரை மணி நேரம். எங்களுக்கு அது ஊருக்குப் போற வழி தம்பி.

ராசிபுரம் ரைடர்:
சைலன்ஸரை மாத்தினவனை நான் தாங்கிப் பேசல. அதுக்குச் சட்டம் இருக்கு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் சத்தம், புகை விதியை மீறினா அபராதம் 10,000 ரூபாய் வரைக்கும். மலை ரோடு குறுகலா இருந்தா இறங்கற வண்டி ஏறற வண்டிக்கு வழி விடணும்னு 2017 ஓட்டுநர் விதியிலயே இருக்கு. இருக்கற சட்டத்தை ஞாயித்துக்கிழமை ரெண்டு போலீஸ் நின்னு செஞ்சாப் போதும். அதைச் செய்யாம புதுசா ஒரு பாஸ் எதுக்கு? பாஸ் எடுத்தவன் சத்தம் போட மாட்டானா?

பழக்கடை அக்கா:
நான் மேல அன்னாசி, மலைவாழை விக்கறேன். மனு எழுதற தம்பி என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு ஞாயித்துக்கிழமை யாவாரந்தான் வாரத்துக்கு அரிசி. பைக்ல வர்ற பசங்க கார்க்காரங்களை விட நல்லா வாங்குவாங்க, நின்னு பேசுவாங்க, உப்பு மொளகாத்தூள் போட்டு அங்கியே தின்னுட்டுப் போவாங்க. ஆளைக் குறைச்சா முதல்ல அடி வாங்கறது என் தட்டுதான்.

ஆனா பசங்களா, வளைவுல வண்டியை நிறுத்திக் குரங்குக்குப் பழம் போடாதீங்க. தீனிக்குப் பழகி நடு ரோட்டுலயே உக்காந்துக்குது. குட்டியோட அடிபட்டுக் கிடந்ததை நானே ஓரமா எடுத்துப் போட்டேன். ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு.

செம்மேட்டான்:
அக்கா, உங்க பொழப்பைக் கெடுக்க எனக்கு மனசில்ல. ஆடிப் பதினெட்டு வல்வில் ஓரி விழாவுக்கு எவ்வளவு கூட்டம் வருது? அந்த நாள்ல போலீஸ் நின்னு வண்டியை ஒழுங்கு பண்றாங்கல்ல? பண்ணினா முடியுதுன்னுதானே அர்த்தம்? ராசிபுரம் தம்பி சொல்ற ரெண்டு போலீஸை விழாவுக்கு மட்டுந்தான் பார்க்கறோம். வருஷத்துல மத்த ஞாயிறு எல்லாம் நாங்களே ஓரம் ஒதுங்கித்தான் போயிட்டிருக்கோம். அதனாலதான் அளவு கேக்கறேன்.

ராசிபுரம் ரைடர்:
அளவுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். சைலன்ஸர் சோதனை, செக்போஸ்ட்ல பிரேக் போர்டு, ஞாயித்துக்கிழமை வளைவுல போலீஸ், இந்த மூணையும் தனி மனுவா எழுதுங்க. எங்க குரூப்ல 40 பேர் இருக்கோம், எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கித் தர்றது என் பொறுப்பு. அந்த ஹெல்மெட் கேமராக்காரன் வீடியோ எங்கயாவது போட்டிருந்தா தேடிப் பார்க்கறேன். சித்தப்பா விழுந்த தேதியும் வளைவு நம்பரும் அனுப்புங்க.

செம்மேட்டான்:
46ஆவது வளைவு. தேதி சித்தப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன். உங்க மூணையும் சேர்த்துக்கறேன், ஆனா தனி மனுவா இல்ல. அளவு கேக்கறதுதான் முதல் வரி, அது அப்படியேதான் இருக்கும். வர்ற திங்கக்கிழமை நாமக்கல் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டத்துல குடுக்கறேன். முதல் வரியைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறவங்க போடட்டும்.