ஆர்க் பிளாஸ்மா சிமுலேஷன்ல வேர் நகர மாட்டேங்குது, யாராச்சும் உதவுங்க

வணக்கம் மக்களே, காந்தப்புலத்துக்குள்ள மின்வில் (ஆர்க்) எப்படி ஓடுதுன்னு மாடல் பண்ணிட்டு இருக்கேன், ரெண்டு இணையான காப்பர் ரெயில், நடுவுல காத்து, 200 ஆம்பியர் டிசி, வெளியிலருந்து 20 மில்லிடெஸ்லா. நடுத்தண்டு லாரன்ஸ் விசையில அழகா வளைஞ்சு முன்னாடி போகுது, ஆனா கேத்தோடு (நெகட்டிவ் ரெயில்) பக்கம் வேர், அதாவது மின்வில் ரெயில தொடுற இடம், மட்டும் ஒட்டிக்கிட்டு அசையவே மாட்டேங்குது.

காரணம் ஓரளவு புரியுது, ரெயில ஒட்டின மெஷ் செல்லுல (கணக்குக்காக பிரிச்ச சின்ன கட்டம்) வாயு குளிர்ந்து மின்கடத்துத்திறன் கிட்டத்தட்ட ஜீரோ ஆயிடுது, அப்புறம் புது இடத்துல கரண்ட் நுழைய வழியே இல்ல. நிஜத்துல அங்க ஷீத் (எலக்ட்ரோட ஒட்டின ரொம்ப மெல்லிய மின்னூட்ட அடுக்கு) இருக்கு, எல்டிஇ அனுமானம் (எலக்ட்ரானும் வாயுவும் ஒரே வெப்பநிலைல இருக்குங்கறது) செல்லாது. மெஷ்ஷ 0.1 மிமீக்கு கொறச்சா ரிசல்ட்டே மாறுது, அதான் ரொம்ப உறுத்துது.

ஷீத்த ஒரு மெல்லிய லேயரா வச்சு, கரண்ட் டென்சிட்டிக்கு ஏத்த வோல்டேஜ் டிராப் குடுத்து செஞ்சவங்க இருக்கீங்களா? லேயர் தடிமன எப்படி முடிவு பண்றீங்க?