ராஷ்டிரபதி பவனைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். டெல்லிக்கு முதன்முறை போனபோது இந்தியா கேட்டிலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகைக்கு நடந்தே போகலாம் என்று கிளம்பிவிட்டேன். அப்போது அந்தச் சாலைக்கு ராஜபாதை என்று பெயர். தூரத்தில் குவிமாடம், கீழே தூண் வரிசை எல்லாம் தெரிந்தது. மேட்டின் அடியில் இருக்கும் விஜய் சவுக் சதுக்கம் நெருங்க நெருங்கக் கட்டடம் மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி மறைந்துகொண்டே வந்து, கடைசியில் குவிமாடத்தின் தலை மட்டும்தான் மிச்சம். வெயிலில் கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். மேடேறி, வடக்கு பிளாக், தெற்கு பிளாக் என்ற இரண்டு செயலகக் கட்டடங்களுக்கும் நடுவே போனதும் மறுபடி முழுசாக எழுந்து நின்றது. அப்புறம் படித்தால், மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸுக்கே இது பெரிய வயிற்றெரிச்சலாம். செயலகங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கர் தன் கட்டடங்களும் ரைசினா குன்றின் மேலேதான் நிற்க வேண்டும் என்று சாதித்துவிட்டார். மாளிகை பின்னுக்குப் போனது, சரிவு அதை மறைத்தது. சரிவை மாற்றச் சொல்லி லட்யன்ஸ் எவ்வளவோ போராடியும் நடக்கவில்லை, இருவரின் நட்பு முறிந்ததுதான் மிச்சம்.

---

நான் உள்ளேயே போயிருக்கிறேன். மொத்தம் 340 அறை, நமக்குக் காட்டுவது கொஞ்சம்தான், அதுவும் கைடு பின்னாலேயே போக வேண்டும். எனக்குப் பிடித்தது தர்பார் ஹால் (2024இல் கணதந்திர மண்டபம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை). வைஸ்ராய்க்கும் அவர் மனைவிக்கும் சிம்மாசனம் போட்டிருந்த இடத்தில் இப்போது ஒரே நாற்காலி, அதன் பின்னால் குப்தர் காலப் புத்தர் சிலை. 1947 ஆகஸ்ட் 15 அன்று நேரு அமைச்சரவை பதவியேற்றதும், 1950 ஜனவரி 26 அன்று ராஜேந்திர பிரசாத் பதவியேற்றதும் இந்த ஹாலில்தான்.

---

ராஜாஜியை விட்டுவிட்டீர்களே! 1948இல் கவர்னர் ஜெனரலாக அங்கே குடிபோனவர், வைஸ்ராய் இருந்த பகுதி தனக்கு ரொம்பப் பெரிது என்று விருந்தினர் பகுதியில் சில அறைகளை எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் அங்கேயே தங்க, வைஸ்ராய் பகுதி வெளிநாட்டு விருந்தாளிகளுக்கானது. அப்பாவைக் கூட்டிப் போனபோது, "ராஜாஜி ரூம் எந்தப் பக்கம்ப்பா?" என்று கைடிடம் தமிழிலேயே கேட்டுவிட்டார். நான் இந்தியில் சொல்ல, அது குடும்பம் இருக்கும் பகுதி, காட்ட முடியாது என்று பதில் வந்தது. வெளியே வந்த பிறகும் அப்பா திரும்பித் திரும்பி ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.