புதுப்பிப்பு: டபிள்கப் ரயர் மாத்தின கதை

போன கிழமை கேட்டிருந்தன்: கிளிநொச்சியில செம்மண் வளவு, டீசல் டபிள்கப் (ரெண்டு வரிசை சீற் உள்ள பிக்கப்), வாகனம் தூக்குற ஜக் ஒண்டு. முன் ரயர் ரெண்டும் வெளி ஓரத்தில தேயுது, வீட்டிலேயே முன்பின் மாத்தலாமோ எண்டு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நேற்று முடிச்சாச்சு.

ஒரு ஜக்கை மட்டும் நம்பாதேங்கோ. முதல் தரம் தூக்கேக்க, மழை ஊறின மண்ணில ஜக்கின்ர அடி புதைஞ்சு சரிஞ்சிட்டுது. சில்லுக் கழட்டேல்லை, அதால தப்பினம். மகன் பக்கத்தில நிண்டவன். நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறுது. உடன இறக்கிப்போட்டு, பக்கத்து வீட்டு அண்ணையிட்ட தூக்கின வாகனத்தைத் தாங்குற ஸ்ராண்ட் ரெண்டு இரவல் வாங்கி, நெல்லுக் காயவிடுற சீமெந்துத் தளத்தில வச்சுச் செய்தம். கைபிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கும். அதால நிலத்தில நிக்கிற சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வச்சம். நட்டுகளை நிலத்தில நிக்கேக்கையே அரைச் சுற்று இளக்கிப்போட்டுத்தான் தூக்கினது.

பின் சில்லு ரெண்டும் நேரே முன்னுக்கு. முன் சில்லு ரெண்டும் பக்கம் மாறிப் பின்னுக்கு. ஸ்பெயர் சில்லை இடைக்கு மாட்டினதால ஒவ்வொரு பக்கமாத் தூக்கியே முடிஞ்சுது. சுத்துற திசைக்கு அம்புக்குறி போட்ட ரயரெண்டா பக்கம் மாத்தக்கூடாது.

காத்தையும் மறக்காதேங்கோ, முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேற. மாங்குளம் போய்வந்து திரும்ப இறுக்கேக்க ஒரு நட்டு கொஞ்சம் சுத்திச்சுது.

ஓரம் தேயுறதுக்கு மாத்தினது மருந்தில்லை. அடுத்த கிழமை அலைன்மென்ற் (சில்லுகள் நேரா நிக்குதோ எண்டு) பாக்கப் போறன்.