மானுக்கு எந்த அலகு? விட்ட அம்பும் பட்ட பாடும்

பீற்றர்பரோ பக்கம், ஒன்ராறியோ

குறுக்குவில் (துவக்கு மாதிரிப் பிடிச்சு விடுற வில்) வேட்டைக்குப் புதுசா வாற ஆக்கள் முதல் கேக்கிறது எந்த வில் நல்லம் எண்டுதான். நானும் அப்பிடித்தான். மான் ஒண்டைத் துலைச்சாப் பிறகுதான் அம்பின்ர நுனியில என்ன பூட்டிறது எண்டு யோசிக்கத் தொடங்கினனான்.

முதல் வருசம் என்னட்ட இருந்தது விரியிற ப்ரோட்ஹெட், அதாவது அலகு வைச்ச வேட்டை முனை. பறக்கேக்க அலகு மடிஞ்சு கிடக்கும், தோலில பட்டவுடன ரெண்டு அங்குலத்துக்கு விரியும். கடைப்பொடியன், "அண்ணை, அலகில்லாத பயிற்சி முனை போற இடத்துக்கே இதுவும் போகும், திரும்பக் குறி சரிபண்ணத் தேவையில்லை" எண்டான். 100 கிரெய்ன், ஆறரைக் கிராம்தான். அதே நிறைப் பயிற்சி முனையால 30 யார்ட்டில தேத்தண்ணிக் கோப்பை அளவு வட்டத்துக்க போட்டுக்கொண்டிருந்தன். உண்மையான முனையால ஒரு அம்பும் விட்டுப் பாக்கேல்லை. அது விக்கிற விலைக்கு ஆர் அதைப் பஞ்சு ரார்கெற்றுக்கு விடுவான்?

நவம்பர் தொடக்கம். பரணில இருந்து கால் விறைச்சுப்போன நேரம் கொம்பு மான் ஒண்டு 25 யார்ட்டில வந்து நிண்டது. பக்கவாட்டா இல்லை, என்ர பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டு கொஞ்சம் சரிஞ்சு. பொறுத்திருக்கோணும். பொறுக்கேல்லை. அம்பு தோள்ச் சந்து எலும்பில பட்ட சத்தம் பரணுக்கே கேட்டது. அரைவாசிகூட உள்ள போகேல்லை. கொஞ்சத் தூரம் சொட்டுச் சொட்டா ரத்தம், பிறகு ஒண்டுமேயில்லை. இரவிரவா ரோச் அடிச்சுத் தேடி, விடியக் காகம் கத்தின இடமெல்லாம் போய்ப் பாத்தன். மான் கிடைக்கேல்லை. வேலியடியில முறிஞ்ச அம்புதான் கிடந்தது. ஒரு அலகு வளைஞ்சு, மற்றது முழுசா விரியாமல்.

அடுத்த வருசம் விரியாத முனைக்கு மாறினன். மூண்டு அலகு, அகலம் ஒண்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. (இஞ்ச சட்டத்தில ஆகக் குறைஞ்சது 22 மில்லிமீற்றர் அகலமும் ரெண்டு வெட்டும் விளிம்பும் இருக்கோணும்.) முதல் அம்பு அஞ்சு அங்குலம் வலப்பக்கம் போச்சு. ரெண்டாவதும் அப்பிடியே. வில் பழுதெண்டு நினைச்சன். பிறகுதான் விளங்கிச்சு, முன்னுக்கு நிக்கிற அலகும் இறகு மாதிரித்தான் காத்தைப் பிடிக்கும். முனை தண்டோட நேரா இருக்காட்டி அது அம்பை இழுத்துக்கொண்டு போயிடும். மேசையில அம்பைச் சுழட்டிப் பாத்தன், ஆறில ரெண்டு ஆடிச்சுது. அதுகளை ஒதுக்கிப்போட்டு, மிச்சத்தோட ஸ்கோப்பை (குறி பாக்கிற கண்ணாடியை) திரும்பச் சரிபண்ணினன். அந்த வருசம் பக்கவாட்டா நிண்டதை மட்டும் விட்டன். ரெண்டு நுரையீரலையும் ஊடறுத்து அம்பு அங்கால மண்ணில குத்தி நிண்டது. மான் 60 யார்ட்டுக்குள்ள விழுந்திட்டுது.

நீங்கள் என்ன பூட்டுறியள்?

மிச்சிகன், ஆன் ஆர்பர் பக்கம்

அண்ணா, உங்க கதையில தப்பு முனை மேல மட்டும் இல்லன்னு தோணுது. அந்தக் கோணத்துல நின்ன மானுக்கு எதை விட்டாலும் சிரமம்தான். நான் இன்னும் விரியற முனைதான் போடறேன்.

ஆனா நானும் ஒரு தடவை அசிங்கப்பட்டிருக்கேன். சாதாரண வில்லுக்குன்னு செஞ்ச முனையை, தள்ளுபடியில கிடைச்சுதேன்னு குறுக்குவில்லுல மாட்டிட்டேன். நாண் விட்ட வேகத்துல அலகைப் பிடிச்சிருந்த பிளாஸ்டிக் வளையம் அங்கேயே தெறிச்சிடுச்சு. அலகு பாதி வழியிலேயே விரிஞ்சு, அம்பு வளைஞ்சு போய் ஒரு ஓக் மரத்துல சொருகிக்குச்சு. மான் நின்னு நிதானமா மரத்தைப் பார்த்துட்டுப் போச்சு. அதுக்கப்புறம் குறுக்குவில்லுக்குன்னே வளையம் இறுக்கமா வர்றதைத்தான் வாங்கறேன். போன சீசன்ல மாட்டுன வளையத்தை இந்த சீசன்ல நம்பறதும் இல்ல.

நல்லா வேலை செஞ்சா ரத்தத் தடம் கண்ணை மூடிட்டுப் போகலாம், அவ்வளவு பெரிய துளை. ஆனா அகலமா வெட்ட நிறைய விசை வேணும். என் அம்பு 400 கிரெய்ன், வேகம் நொடிக்கு 370 அடி. கணக்குப் போட்டா அம்போட ஆற்றல் 120 அடி-பவுண்டுக்கு மேல வருது, அதனால எனக்குக் கட்டுப்படியாகுது. பழைய, விசை கம்மியான வில் வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு குறுகலான, விரியாத முனையே போடுங்க.

லண்டன், ஒன்ராறியோ

ரெண்டு பேரும் அகலத்தைப் பற்றியே கதைக்கிறியள் தம்பிமார். அலகின்ர கூர்மையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

ரார்கெற்றுக்கு விட்ட அலகை அப்பிடியே காட்டுக்குக் கொண்டுபோகாதேங்கோ. பஞ்சு கூர்மையைத் தின்னும். நான் கைமயிரில வழிச்சுப் பாப்பன், வழிக்கேல்லையெண்டால் அலகை மாத்திப்போடுவன். கையால திருகிப் பூட்டப்போய் பெருவிரலில நாலு தையல் போட்டதும் நான்தான். பெட்டியோட வாற சாவி சும்மா தாறதில்லை.

மற்றது, உந்த இரவிரவாத் தேடினது பிழை. முதல்ல அம்பைப் பாருங்கோ. நுரையோட இளஞ்சிவப்பெண்டால் நுரையீரல், அரை மணித்தியாலம் காணும். கடுஞ்சிவப்பெண்டால் ஈரல், மூண்டு நாலு மணித்தியாலம் விடுங்கோ. பச்சையா நாறினால் குடல். வீட்ட போய்ச் சாப்பிட்டுப் படுத்து, விடியத்தான் வரோணும். கலைச்சால் அது படுத்த இடத்தில இருந்து எழும்பி ஓடும், பிறகு கடவுளுக்குத்தான் வெளிச்சம். வன்னியில சின்னனில நான் கண்டதெல்லாம் கட்டுத்துவக்குத்தான் (மிருகம் தட்டினால் வெடிக்கக் கட்டி வைக்கிற துவக்கு), இந்தப் பொறுமை எனக்கும் இஞ்ச வந்துதான் பழகினது.

பீற்றர்பரோ பக்கம், ஒன்ராறியோ

சரி அண்ணை, பிழைதான். அம்பு மானோட போட்டுது, பாக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை. எண்டாலும் விடியும் மட்டும் விட்டிருக்கலாம்.

இப்ப மூண்டு முனை வாங்கினால் ஒண்டை ரார்கெற்றுக்கெண்டே ஒதுக்கிறன். மனிசியின்ர நகப்பூச்சால சிவப்பில அடையாளம் போட்டிருக்கு, மாறிக் கொண்டுபோகாமல். இந்த ஒக்டோபருக்கு 125 கிரெய்ன் பூட்டிப் பாக்க யோசிக்கிறன். முன்பாரம் கூடினால் இன்னும் நேரா ஊடுருவும் எண்டு சொல்லுகினம். அதுக்கும் திரும்ப ஸ்கோப் சரிபண்ணோணும், என்ர ரார்கெற்றோ ஏற்கெனவே கிழிஞ்சு தொங்குது. ப்ரோட்ஹெட் தாங்கிற ரார்கெற் ஆரிட்டையும் பாவிச்சது கிடந்தால் சொல்லுங்கோ.