வேட்டைக் கறியை மறுத்துவிட்டுக் கடையில் ஆட்டுக்கறி வாங்குவது நேர்மையா?

குப்பனூர்க்காரன்:
சென்ற வாரம் ஏற்காடு மலையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது காட்டுப்பன்றிக் கறி பரிமாறினார்கள். வேட்டையாடிய கறி வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். வீட்டுப் பெரியவர் கோபப்படவில்லை. பிறந்தது முதல் இஷ்டம்போல் திரிந்த அந்தப் பன்றிக்குச் சாகும் நேரம் மட்டுமே கெட்ட நேரம் என்றும், நான் வாங்கும் பிராய்லர் கோழிக்கு எந்த நேரம் நல்ல நேரம் என்றும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஞாயிறு காலை அயோத்தியாப்பட்டணத்தில் கறிக்கடை வரிசையில் நின்றபோதும் வரவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது என்பது தெரியும். நான் கேட்பது சட்டத்தை அல்ல, நியாயத்தை.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
பெரியவரின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கெட்ட நேரம் எவ்வளவு நீளம் என்பதை அவர் சொல்லவில்லை. அவுட்டுக்காயை, அதாவது இரைக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடியை, கடித்த பன்றி பெரும்பாலும் அங்கேயே விழுவதில்லை. தாடை சிதறி, தின்னவும் முடியாமல் நாள்கணக்கில் அலைந்து, யாருக்கும் கறியாகாமலே எங்கோ ஒரு புதரில் செத்துக் கிடக்கும். 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளோ சினை ஆட்டையும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியுள்ள தாயையும் அறுக்கக் கூடாது என்கின்றன. ஒன்றின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கவும் தடை உண்டு. தெருவோரக் கடைகளில் இவை எந்த அளவுக்கு நடக்கின்றன என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். ஆனாலும் கையில் பிடித்த ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்க்க முடியும். இருட்டில் காத்திருக்கும் சுருக்குக் கம்பிக்குத் தாயென்றும் குட்டியென்றும் தெரியாது.

மேச்சேரி ஆட்டுக்காரன்:
வளர்ப்பவனுக்கு வேறொரு சங்கடம் உண்டு. காட்டு விலங்கு மனிதனைக் கண்டால் ஓடுகிறது; என் கிடாயோ நான் கூப்பிட்டால் ஓடி வருகிறது. கோயிலில் அதன் தலையில் மஞ்சள் நீரைத் தெளித்து, அது உடலைச் சிலிர்த்து உதறும்வரை காத்திருந்து, உத்தரவு கிடைத்துவிட்டது என்று சொல்லி வெட்டுகிறோம். ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்த உதறல் வராதவரை அரிவாளை ஓங்க யாருக்கும் கை வருவதில்லை. கறி தின்பதை நான் விடவில்லை; சம்மதித்துத்தான் செத்தது என்று மட்டும் இப்போதெல்லாம் சொல்வதில்லை.

மலைத்தோட்டம்:
மரவள்ளியை ஒரே இரவில் கிளறிப்போட்டுவிட்டுப் போகும் பன்றியைப் பற்றியும் பேசுங்கள். காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுட அனுமதிப்பதாக 2025-இல் தமிழக அரசு அறிவித்தது. பயிரைக் காக்கக் கொல்வதை என்னால் ஏற்க முடிகிறது. ஆனால் அந்தக் கறிக்கு விலை வந்துவிட்டால், தோட்டமே இல்லாதவனும் பயிர்ச்சேதம் என்று சொல்லிக்கொண்டு கம்பி கட்டுவான்.

குப்பனூர்க்காரன்:
ஆய்வாளர் ஐயா எழுதியதைப் படித்தபின் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பன்றி எப்படி மாட்டியது என்று கேட்டேன். கம்பியில்தான் என்றார். எவ்வளவு நேரம் கிடந்தது என்றதற்கு, விடிந்த பிறகுதான் போய்ப் பார்த்தோம் என்று மட்டும் சொன்னார்.