முதலாண்டு: வகுப்பில் எல்லா விதமான ஆட்களும் இருக்கிறார்கள், நான்தான் ஒட்டவில்லை

முதலாண்டு மாணவி:
கல்லூரியில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. வகுப்பில் நாலைந்து மொழிக்காரர்கள், வேற்று நாட்டிலிருந்து வந்தவர்கள், சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர், என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறியவர்கள் என்று எல்லாரும் இருக்கிறோம். முதல் நாள் "இங்கே எல்லாரும் சமம்" என்றார்கள், கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடைவேளை விட்டதும் அவரவர் மொழிக்காரர்களோடு போய்விடுகிறார்கள். குழு வேலையில் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு "நீ டைப் மட்டும் பண்ணு, நாங்க பேசிக்கிறோம்" என்றார்கள். தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று ராத்திரி தூக்கமே வருவதில்லை. உங்களுக்கும் இப்படி இருந்ததா?

இறுதியாண்டு:
இருந்தது தங்கச்சி, ஒரு வருஷம் முழுக்க. வால்டன், கோஹன் என்ற உளவியலாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 'நமக்கு இங்கே இடமில்லையோ என்ற எண்ணம் ஆரம்பத்தில் எல்லாருக்கும் வரும், போகப்போகக் குறையும்' என்று மூத்த மாணவர்கள் சொன்னதை அமெரிக்காவில் முதலாண்டு மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். சுமார் ஒரு மணி நேர வேலைதான், ஆனால் அதைப் படித்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண், படிக்காதவர்களோடு ஒப்பிட்டால், அடுத்த மூன்று வருஷமும் உயர்ந்தது. அதனால் இந்தப் பயத்தை உங்கள் தகுதியோடு முடிச்சுப் போடாதீர்கள்.

பாடம் நடத்துபவர்:
வெவ்வேறு விதமான ஆட்களை ஒரே அறையில் உட்கார வைத்தால் மட்டும் போதாது என்று கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே சொல்லிவிட்டார். சமமான நிலை, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்கிற வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு, இவை வேண்டும். உங்கள் குழுவில் முதலாவதே இல்லை. 1971-இல் எலியட் ஆரன்சன் என்ற இன்னோர் உளவியலாளர் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார், ஒருவர் துண்டை மற்றவர்கள் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். நீங்களும் அதே மாதிரி, அடுத்த முறை வேலை பிரிக்கும்போதே "இந்தப் பகுதியை நான் பேசுகிறேன்" என்று முந்திக்கொள்ளுங்கள். விடவில்லையென்றால் ஆசிரியரிடம் போங்கள், அது கோள் சொல்வது ஆகாது.

இரண்டாமாண்டு:
எனக்குக் காது சரியாகக் கேட்காது, உதடு பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் பாதிப் பாடம் போய்விடும். இறுதியாண்டு அண்ணா, நாள் போகப்போக எல்லாம் குறையும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் கஷ்டத்தை எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆசிரியர் எங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அதற்கு முன்னால் பக்கத்தில் இருந்தவன், கேட்காமலே நோட்டை என் பக்கம் திருப்பி, எந்த வரியில் போகிறது என்று விரலை வைத்துக் காட்டினான். அப்புறம் ஒரு நாள் "எந்தப் பக்கம் உட்கார்ந்தா உனக்கு வசதி?" என்று கேட்டான். அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

முதலாண்டு மாணவி:
எல்லாருக்கும் நன்றி. சரி, அடுத்த வேலையில் முடிவுரையை நான்தான் பேசுவேன் என்று இப்போதே குழுவுக்கு எழுதிவிட்டேன். அப்புறம், சக்கர நாற்காலியில் வருகிறவர் எப்போதும் கடைசி வரிசை ஓரத்தில்தான் இருக்கிறார், படி இல்லாத இடம் அது ஒன்றுதான். ஆறு வாரமாக நானும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாளைக்கு அங்கே போய் உட்காருகிறேன்.